ஊருணியில் மீன் சாகிறதா? உப்பா, உலோகமா என்று அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை

"டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்தோம், 180தான் காட்டுகிறது. தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கிறது. ஆனால் மீன் மட்டும் செத்து மிதக்கிறது." காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ஊருணிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அது தண்ணீரில் மொத்தமாகக் கரைந்திருக்கும் உப்பை மட்டுமே பார்க்கும். மீனைக் கொல்லும் அளவு செம்பு கலந்திருந்தாலும் அதன் முள் அசையாது.

நம் ஊருணி, கண்மாய்களில் உயிர்கள் சாகும்போது சந்தேகப்பட வேண்டியவை பல. அவற்றில் உப்பு ஏறுவதையும் உலோகம் கலப்பதையும் பற்றித்தான் இங்கே சொல்கிறேன். இரண்டும் வேறு வேறு வழியில் கொல்லும், அறிகுறியும் வேறு. ஒன்று மற்றொன்றை மறைக்கவும் செய்யும், அதனால்தான் குழப்பம்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு விஷயம் தெரிந்தே ஆக வேண்டும். நன்னீரில் வாழும் மீன், நத்தை, தவளைத் தலைப்பிரட்டை எல்லாவற்றின் உடம்பிலும் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு அதிகம். அந்த உப்பு சதா வெளியே கசிந்துகொண்டே இருக்கும், தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். கசிந்த சோடியத்தையும் கால்சியத்தையும் செவுள் வழியாகத் திரும்ப இழுத்துத்தான் அவை பிழைக்கின்றன. செம்பும் வெள்ளியும் சோடியம் நுழையும் வழியை அடைக்கும். காட்மியம், துத்தநாகம், காரீயம் ஆகியவை கால்சியம் நுழையும் வழியை அடைக்கும். உயிருக்குத் தேவையான உப்பு உடம்பிலிருந்து வடிந்துபோய் மீன் சாகிறது. வெளியே உப்பு அளவுக்கு மிஞ்சினால் கதை வேறு. உடம்பின் நீர்க்கணக்கைச் சமாளிப்பதிலேயே சக்தி எல்லாம் செலவாகி, வளர்ச்சியும் முட்டையிடுவதும் முதலில் நிற்கும்.

தண்ணீரில் கால்சியம் இருந்தால் அது செவுளின் வாசலில் உலோகத்தோடு போட்டி போட்டு உலோகத்தின் வேகத்தைக் குறைக்கும். அதனால் கடின நீரில் மீன் தாங்கும் செம்பு, மென்னீரில் அதைக் கொன்றுவிடும். செம்புறாங்கல் அடுக்கிய நம் குடிநீர் ஊருணிகள் மழைநீரால் மட்டும் நிறைபவை. சுண்ணாம்புச் சத்து குறைவு. பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும் என்று நாம் பெருமைப்படும் அந்தத் தண்ணீரில்தான் உலோகம் அதிகம் கடிக்கும். ஊருணி எவ்வளவு நல்ல தண்ணீரோ, அவ்வளவுக்கு அதைக் காவல் காக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

முதலில் நேரத்தைப் பாருங்கள். விடியற்காலையில் மட்டும் இப்படி இருந்து, வெயில் ஏறியதும் மீன் கீழே போய்விட்டால் அது ஆக்சிஜன் குறைவு. இரவெல்லாம் பாசி ஆக்சிஜனை இழுத்துவிடுகிறது. உப்பு, உலோகம் என்று தேட வேண்டாம். பாசி ஏன் அவ்வளவு வளர்ந்தது என்று பாருங்கள், சாக்கடை எங்காவது சேர்கிறதா என்று வரத்துக்காலோடு நடந்து பாருங்கள்.

நண்பகலிலும் மேலேயே நின்றால் செவுள் கெட்டிருக்கிறது என்று பொருள். சற்றுமுன் செத்த மீன் ஒன்றை எடுத்துச் செவுள் மூடியைத் தூக்குங்கள். நல்ல செவுள் நல்ல சிவப்பாக, சீப்புப் பல் போலப் பிரிந்து நிற்கும். செவுள்மேல் கோழை கட்டி, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வெளிறிப்போயிருந்தால் உலோகம் அல்லது கடுங்காரம்/அமிலம். செவுள் துருப்பிடித்த நிறத்தில் படிவோடு இருந்தால் இரும்பு. செவுள் சிவப்பு போய்ப் பழுப்பாக, காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் கழிவுநீரிலிருந்து வந்த நைட்ரைட்.

நைட்ரைட்டுக்கு மீன் பண்ணைக்காரர்கள் தொட்டியில் கல்லுப்பு போடுவார்கள். அது சரியான வைத்தியம்தான், ஏனென்றால் குளோரைடும் நைட்ரைட்டும் செவுளில் ஒரே வழியாக நுழைகின்றன. ஆனால் தொட்டித் தண்ணீரை அடுத்த வாரம் மாற்றிவிடலாம். ஊருணியில் கொட்டிய உப்பு எங்கும் போகாது, அங்கேயே கிடக்கும். பண்ணை வைத்தியத்தை ஊருணிக்குக் கொண்டுவர வேண்டாம்.

இன்னொன்று: விரால், குரவை, தேளி இவையெல்லாம் இயல்பாகவே காற்றைக் குடிக்க மேலே வரும். அவற்றைப் பார்த்துப் பதற வேண்டாம். கெண்டையும் ரோகுவும் வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

சுற்றுவட்டாரத்தில் கட்டட வேலையோ, கல் பதிக்கும் வேலையோ, ஆத்தங்குடிக் கல் (சிமெண்ட் தரைக்கல்) போடும் பட்டறையோ இருந்தால், அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் காகிதம் ஒன்றை நனைத்துப் பாருங்கள். சிமெண்ட் கழுவிய தண்ணீரின் பிஎச் 12 வரை போகும். அது வரத்துக்காலில் இறங்கினால் செவுள் வெந்துபோகும். செவுளைப் பார்த்தால் உலோகம் மாதிரியேதான் இருக்கும். பிஎச் காகிதம் ஒரு நிமிடத்தில் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

எப்போதும் கலங்கலாக இருக்கும் தண்ணீர் திடீரென்று தெளிந்துவிட்டது

நல்ல சகுனம் என்று எல்லோரும் மகிழ்வார்கள். நான் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். செம்மண் பூமியில் இருக்கும் ஊருணி மழைக்குப் பிறகு பல வாரம் கலங்கலாகவே இருக்கும். மென்னீரில் களிமண் துகள்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மிதப்பதே காரணம். தேத்தாங்கொட்டை உரைத்துப் போட்டால் குடத்துத் தண்ணீர் தெளியும் என்பது நமக்குத் தெரியும். ஊருணி முழுவதும் யாரும் ஒன்றும் போடாமலே தெளிந்தால் உப்பு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கால்சியம், மக்னீசியம் உப்புகள் களிமண்ணைத் திரட்டி அடியில் உட்கார வைத்துவிடும்.

டிடிஎஸ் பாருங்கள். போன வருடம் இதே மாதத்தில் என்ன காட்டியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் பேருதவி. ஒரு நாள் அளவை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. ஐப்பசியில் நிறைந்தபோது என்ன, சித்திரையில் வற்றியபோது என்ன என்ற இரண்டு எண்களாவது வேண்டும்.

உப்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மூன்று வழி. திருவிழாவுக்கோ தெப்பத்துக்கோ குளம் நிறைய வேண்டும் என்று ஆழ்குழாய்த் தண்ணீரை விடுவது. சுற்றியுள்ள வீடுகளின் ஆர்.ஓ. கழிவுநீர் மழைநீர்க் காலில் சேருவது. நிறைந்த தண்ணீர் வெளியேறும் கலுங்கை அடைத்து வைப்பது.

முதலாவதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். மழையில் நிறைந்த ஊருணியின் டிடிஎஸ் லிட்டருக்கு 150 மில்லிகிராம் என்று வையுங்கள். கோடையில் பாதி ஆவியானால் 300. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். மழை பெய்து திரும்ப நிறைந்தால் 150க்குப் பக்கத்தில் வந்துவிடும். மழைக்குப் பதில் 1,200 உள்ள போர் தண்ணீரை விட்டு நிரப்பினால் 750. அடுத்த கோடையில் அதில் பாதி ஆவியானால் 1,500. மறுபடி அதே போர் தண்ணீர் விட்டால் 1,350. இரண்டே முறையில் 150 எங்கே, 1,350 எங்கே! இதற்குள் கலுங்கு வழியாக ஒரு வெள்ளமாவது வெளியே போயிருந்தால் பழைய உப்பு கொஞ்சம் கழுவிக்கொண்டு போயிருக்கும். கலுங்குக்கு வெளியே வீடு கட்டி, வழியை மண் போட்டு மூடிவிட்டால் அதுவும் இல்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988இல் நன்னீர் உயிர்களுக்கு வைத்த நீண்டகால வரம்பு லிட்டருக்கு 230 மில்லிகிராம் குளோரைடு (டிடிஎஸ்ஸில் ஒரு பகுதிதான் குளோரைடு). நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 விரும்பத்தக்க அளவாக 250 என்றும், வேறு நீர் கிடைக்காவிட்டால் 1,000 வரை என்றும் அனுமதிக்கிறது. நாம் குடிக்கலாம் என்ற அளவிலேயே சின்ன உயிர்கள் ஒடுங்க ஆரம்பித்துவிடும்.

பெரிய மீன் நன்றாக இருக்கிறது, குஞ்சைத்தான் காணோம்

மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் இதை மற்றவர்களுக்கு முன்பே கண்டுபிடிப்பார்கள். வலையில் ஜிலேபிக் கெண்டை மட்டும் ஏறுகிறது, அயிரை இல்லை, கெண்டைக் குஞ்சு இல்லை, தவளைச் சத்தம் குறைந்துவிட்டது என்றால் உப்பு மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது. ஜிலேபி 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன். கடல்நீர் வரைகூடத் தாங்கும். மற்ற மீன்களின் முட்டையும் குஞ்சும் தாங்காத உப்பில் அது பல்கிப் பெருகும். ஊருணி செழிப்பாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம்.

தாமரை, அல்லி இலைகளின் ஓரம் கருகுகிறதா, கரையில் சம்பங்கோரை மட்டும் பெருகுகிறதா என்று சேர்த்துப் பாருங்கள். இரண்டும் இருந்தால் உப்பு என்பது அநேகமாக உறுதி.

அதே சமயம் மீன்குஞ்சின் முதுகு வளைந்து, வால் பக்கம் கறுத்துப்போயிருந்தால் வேறு திசையில் தேடுங்கள். காரீயத்தின் அடையாளம் அது. பழைய பேட்டரி உடைக்கும் இடம், பழைய பெயின்ட் சுரண்டிக் கழுவிய தண்ணீர் இவற்றைப் பாருங்கள். நாட்டுக்கோட்டை வீடுகளின் பழைய கதவு, நிலைகளைச் சுரண்டிப் புதுப்பிக்கும் வேலை இப்போது நிறைய நடக்கிறது. சுரண்டிய தூளைத் தார்ப்பாயில் பிடித்து அள்ள வேண்டும், தெருவில் கழுவிவிடக் கூடாது.

நத்தை கூட்டமாகச் சாகிறது, பாசியும் சேர்ந்து வெளுக்கிறது

இது செம்பு. கிட்டத்தட்ட சந்தேகமே வேண்டாம். செம்பு பாசியையும் நத்தையையும் ஒரே அடியாக அடிக்கும், உப்பு அப்படிச் செய்யாது. கரையோரம் உயிரோடு இருக்கும் நத்தைகள் நீரைவிட்டு ஏறிக் கல்லில் ஒட்டிக் கிடக்கும். கையில் எடுத்தால் மூடியை இழுத்துச் சாத்தவும் பலம் இருக்காது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: பாசி எடுக்க யாராவது மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டார்களா? கும்பாபிஷேகத்துக்கு முன் குளத்தைப் "பளிச்" என்று ஆக்க வேண்டும் என்று போட்டுவிடுகிறார்கள். அதன் எடையில் கால் பங்கு செம்பு. அரை ஏக்கர் பரப்பு, இரண்டு மீட்டர் ஆழம் உள்ள ஊருணியில் ஒரு கிலோ போட்டால் கரைவது 250 கிராம் செம்பு, அதாவது லிட்டருக்குச் சுமார் 60 மைக்ரோகிராம். கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். மென்னீரில் நீர்த்தெள்ளு என்னும் துள்ளி நீந்தும் நுண்ணுயிர்களைக் கொல்ல இந்த அளவு போதும். டிடிஎஸ் மீட்டரில் ஒரு எண்கூட மாறாது. குடிநீர்த் தரத்தில் செம்புக்குக் கடைசி வரம்பு 1,500 மைக்ரோகிராம், எனவே ஆய்வு முடிவிலும் "குடிக்கத் தகுதி" என்றே வரும். துத்தநாகமும் அப்படித்தான். 5 மில்லிகிராம் வரை நாம் குடிக்கலாம் என்கிறது தரம். மென்னீரில் அதைவிட மிகக் குறைந்த அளவே மீனைக் கொல்லும்.

மயில்துத்தம் போடவில்லை என்றால் நகைப்பட்டறைக் கழிவு, பழம்பொருள்களை ஆசிட்டில் கழுவும் இடம், பித்தளைக்கு மெருகேற்றும் இடம் ஆகியவற்றின் சாக்கடை எங்கே போகிறது என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் வளவில் குவித்துவைத்துக் கிடாரம், அண்டா எல்லாம் புளி போட்டுத் துலக்கும்போது வழியும் பச்சைத் தண்ணீரிலும் செம்பு உண்டு. ஒரு வீட்டுப் பாத்திரம் துலக்கிய தண்ணீர் பெரிய ஊருணியை ஒன்றும் செய்துவிடாது. ஆனால் அதை ஊருணிப் படியில் உட்கார்ந்து செய்யாமல் தோட்டத்து மண்ணில் ஊற்றுவது நல்லது. ஆசிட் கழிவு அப்படி விட்டுவிடக்கூடியது அல்ல. பட்டறைக்காரரிடம் சண்டை போடாமல் நேரில் போய்ப் பேசுங்கள். பெரும்பாலோர் இது மீன்வரை போகும் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

மயில்துத்தம் போட்டாகிவிட்டது, இப்போது என்ன செய்வது? செத்த பாசியை உடனே அரித்து எடுங்கள். அழுகினால் ஆக்சிஜனும் போய்விடும். செம்பைத் திரும்ப எடுக்க முடியாது, அது மெல்லச் சேற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். கரையோர இலைதழை ஊறிய பழுப்பு நீர் செம்பைப் பிடித்துவைக்கும் என்பதால் கரை மரங்களை வெட்டிச் "சுத்தம்" செய்ய வேண்டாம்.

மேலே மினுமினுப்பு, ஓரத்தில் ஆரஞ்சு நிறச் சகதி

குச்சியால் கிழித்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போல உடைந்து பிரிந்து நின்றால் இரும்பு பாக்டீரியா. செம்புறாங்கல் பூமியில் இது இயல்பு, பயமில்லை. கிழித்த இடம் உடனே ஒன்றுகூடி மூடிக்கொண்டால் டீசல், எண்ணெய்.

கோடை முழுக்கச் சாகவில்லை, முதல் மழையில் செத்தது

இதுதான் மிகவும் சிக்கலானது. உப்பும் உலோகமும் கைகோத்துக்கொள்ளும் இடமும் இதுதான்.

தகரக் கூரையிலிருந்து துத்தநாகம், சாலையில் தேய்ந்த பிரேக் தூளின் செம்பு, சாக்கடையில் காய்ந்து கிடந்த எல்லாம் முதல் மழையில் ஒரே நாளில் அடித்துக்கொண்டு வரும். மழைநீர் மென்னீர் என்பதால் உலோகத்தைத் தடுக்கக் கால்சியமும் இல்லை. ஆகவே முதல் சந்தேகம் வரத்துக்கால். முதல் மழையை மட்டும் ஊருணிக்குள் விடாமல் திருப்பிவிட ஒரு பலகை மடை போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபின் மாடிக் குழாயில் முதல் நீரைத் தள்ளிவிடும் ஏற்பாடு பல வீடுகளில் செய்தார்கள். அதே யோசனைதான், ஊர் அளவில்.

இரண்டாவது சந்தேகம் சேறு. போர் தண்ணீர் விட்ட ஊருணியில் உப்பு நீர் கனமாக அடியில் தேங்கும். மேல் நீரோடு கலக்காது, அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பல வருடம் சேற்றில் படிந்து கிடந்த உலோகங்கள் அப்போது கழன்று வரத் தொடங்கும். உப்பிலுள்ள சோடியமும் கால்சியமும் களிமண்ணில் ஒட்டியிருந்த உலோகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். குளோரைடு காட்மியத்தைப் பிடித்துக் கரைசலில் வைத்துக்கொள்ளும். அந்த நிலையில் காட்மியத்தின் கடி சற்றுக் குறைவுதான், எனவே கோடையில் ஒன்றும் தெரியாது. முதல் மழையும் காற்றும் அடிநீரைப் புரட்டி, மேலிருந்து மென்னீர் கலந்து, குளோரைடு நீர்த்துப்போனதும் அது விடுபடும். உப்பு குறைந்த நாளில் மீன் சாகிறதே என்று ஊர் வியக்கும்.

சரிபார்க்க, ஒரு பாட்டிலில் கல் கட்டிக் கயிற்றில் இறக்கி, மூடியைச் சுண்டித் திறக்கும்படி செய்து அடிநீர் எடுங்கள். மேல்நீர் 300, அடிநீர் 900 என்பதுபோல் பெரிய வித்தியாசம் இருந்தால் சந்தேகம் உறுதி. அடிநீரில் அழுகிய முட்டை நாற்றமும் வரும். தூர்வாரும்போது அந்த வண்டலைக் கண்ணை மூடிக்கொண்டு வயலுக்கு அடிக்காதீர்கள். பட்டறைக் கழிவு சேர்ந்த ஊருணியானால் வண்டலைச் சோதித்த பிறகுதான் வயலுக்கு.

வீட்டிலேயே செய்யும் ஒரு சோதனை

பள்ளிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யலாம். கலங்காத நல்ல ஊருணி ஒன்றில் பழைய வேட்டித் துணியால் அரித்தால், கடுகில் பாதிகூட இல்லாத நீர்த்தெள்ளுகள் துள்ளித் துள்ளி நீந்துவது தெரியும். அவற்றில் பத்தைச் சந்தேகத் தண்ணீரிலும், பத்தை அவை வந்த தண்ணீரிலும், இன்னும் பத்தைப் பாதிக்குப் பாதி கலந்த நீரிலும் கண்ணாடி டம்ளரில் விடுங்கள். நிழலில், ஒரே சூட்டில் இருக்க வேண்டும். 48 மணி நேரம் பாருங்கள். ஒப்பிட வெறும் மழைநீர் வேண்டாம், அதில் உப்பே இல்லாமல் அவை தானாகவே துவண்டுவிடும்.

சந்தேகத் தண்ணீரில் செத்து, டிடிஎஸ்ஸும் அதிகமாக இருந்தால் உப்பு. டிடிஎஸ் குறைவாக இருந்தும் செத்தால் உலோகம் அல்லது பூச்சிமருந்து. அதைப் பிரிக்க மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியரின் உதவி வேண்டும். நீரின் கடினத்தன்மையை அளக்க வைத்திருக்கும் இடிடிஏ கரைசலை மிகச் சிறிய அளவில் ஒரு டம்ளரில் சேர்க்கச் சொல்லுங்கள். இடிடிஏ உலோகத்தைக் கட்டிப்போட்டுவிடும். அந்த டம்ளரில் மட்டும் தெள்ளுகள் பிழைத்தால் கொன்றது உலோகம்தான். நல்ல தண்ணீரிலும் அதே அளவு இடிடிஏ சேர்த்து ஒரு டம்ளர் வையுங்கள், இல்லாவிட்டால் முடிவை நம்ப முடியாது.

தெள்ளு கிடைக்கவில்லையா? ஓரச் சேற்றை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். தட்டான் குஞ்சு, வால் நூல்களோடு நெளியும் சின்னப் பூச்சிகள் எல்லாம் இருந்தால் நல்லது. எல்லாம் போய்ச் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் தண்ணீர் நெடுநாளாகவே கெட்டிருக்கிறது.

மாதிரி அனுப்பும்போது

மீன் செத்த அன்றே எடுங்கள், மறுநாள் எடுத்தால் மீனைக் கொன்ற பொருள் நீர்த்துப் போயிருக்கும். பித்தளைச் செம்பில் மொள்ளக் கூடாது, பிளாஸ்டிக் பாட்டில் மட்டும். உலோகச் சோதனைக்கான பாட்டிலையும் அதில் விட வேண்டிய நைட்ரிக் அமிலத்தையும் ஆய்வுக்கூடத்திலேயே கேட்டு வாங்குங்கள். பிஎச், குளோரைடு, கடினத்தன்மை, காரத்தன்மை, சோடியம் ஆகியவற்றோடு செம்பு, துத்தநாகம், காரீயம், காட்மியம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "குடிநீர் சோதனை" என்று மட்டும் எழுதினால் உலோகத்தைப் பார்க்காமலே அனுப்பிவிடலாம்.

முடிவில் செம்புக்கு நேரே "கண்டறியும் அளவுக்குக் கீழ்" என்று வந்தால் அந்த அளவு என்ன என்று திருப்பிக் கேளுங்கள். லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே பார்க்க முடியாத முறை என்றால், ஊருணிக்கு அந்தப் பதில் போதாது. 5 மைக்ரோகிராம் வரை பார்க்கும் இடத்துக்கு அனுப்புங்கள்.

முடிவு வரும்வரை அந்த மீனைச் சாப்பிட வேண்டாம். செத்து மிதந்ததை எப்போதுமே கூடாது. உயிரோடு பிடித்ததாக இருந்தாலும் செவுள், குடல், ஈரலைக் கோழிக்கோ பூனைக்கோ போடாமல் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் அதிகம் சேரும்.